குருசடைத் தீவின் கப்பாஃபைகஸ்: அளவிடப்பட்டதும் அளவிடப்படாததும்

மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவையொட்டிய பவளப்பாறைகள் மீது கப்பாஃபைகஸ் அல்வரேசி என்னும் அயல் கடற்பாசி படர்ந்திருப்பது 2008-இல் பதிவானதைத் தொடர்ந்து எழுந்த விவாதம், பெரும்பாலும் அந்தப் பாசியின் இயல்பு பற்றியதாகவே நினைவுகூரப்படுகிறது. தீவுக் கடல்களில் மனிதச் செயலின் பாதிப்பை ஆராயத் திட்டமிடுவோருக்கு அதில் முதன்மையானது வேறொன்று: பாதிப்பை எந்த அலகால் அளப்பது என்ற கேள்வியை இரு தரப்பும் தீர்க்காமலே விட்டுவிட்டன.

பாசி பவளத்தை ஆக்கிரமிக்கிறது என்ற கூற்றுக்கு 2010-ஐ ஒட்டி முன்வைக்கப்பட்ட மறுப்பு இரண்டு தூண்களில் நின்றது. பாசி மூடியிருந்த இடம் தீவின் மொத்தப் பவளப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது ஒன்று. இந்தியக் கடலில் இப்பாசி வித்துகள் வழியாக, அதாவது நுண்ணிய இனப்பெருக்கச் செல்கள் வழியாக, முழுமையாகப் பெருகுவது காணப்படவில்லை என்பது மற்றொன்று. அளவீட்டின் நேர்மையை ஐயுற இடமில்லை. அதிலிருந்து பெறப்பட்ட முடிவே இங்கு மறுக்கப்படுகிறது. தீவின் முழுப் பரப்பையும் வகுக்கும் எண்ணாகக் கொண்டால் எந்தப் படர்வும் தொடக்கத்தில் அற்பமாகவே தெரியும். அந்தச் சிறுமை படர்வு எவ்வளவு அண்மையில் தொடங்கியது என்பதைக் காட்டக்கூடுமே தவிர, அது எவ்வளவு விரைவில் பரவும் என்பதைக் காட்டாது. விரைவை அறிய, குறித்த அதே இடத்தை வெவ்வேறு பருவங்களில் மீண்டும் அளப்பதும், பாசி எட்டாத பாறையொன்றை ஒப்பீட்டுக்காக உடன் அளப்பதும் இன்றியமையாதவை.

இரண்டாவது தூண் இன்னும் வலுவற்றது. பாக் நீரிணைக் கரையில் மீனவர்கள் ‘பெப்சிப் பாசி’ என்று வழங்கும் இதை வளர்ப்பவர்கள் வித்துகளை நாடுவதே இல்லை. மூன்று மீட்டர் சதுர மூங்கில் மிதவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றில் துண்டுகளைக் கோத்து, மீன்கள் தின்றுவிடாதபடி அடியில் வலை பொருத்தி, 45 நாள் கழித்து அறுத்தெடுத்து, அதிலிருந்தே அடுத்த நடவுக்கான துண்டுகளை ஒதுக்குகின்றனர். ஒடிந்த துண்டு வளரும் என்பதன் மீதே முழுத் தொழிலும் நிற்கும்போது, வித்து இல்லாமையை ஆறுதலாகக் கொள்வது விந்தையே. அலையில் ஒடியும் கிளை மான்கொம்புப் பவளத்தின் இடுக்கில் சிக்கினால், அடர்ந்து வளர்ந்து ஒளியை மறைக்கிறது; கையால் பிடுங்கிய இடங்களில் மீண்டும் தழைத்ததும் பின்னாளில் பதிவாகியுள்ளது. சிங்கிள் தீவிலும், மேற்கே கீழக்கரைத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த முள்ளித் தீவிலும் இது பின்னர் காணப்பட்டது.

ஹவாயின் கனியோஹே விரிகுடாவில், பாசி பரவாது என்னும் முன்னுரைப்பு ஒருமுறை பொய்த்திருக்கிறது. 1974-இல் அங்கு கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் ஆழமான நீரைத் தாண்டிப் பரவாது என்று முதலில் கருதப்பட்டது. இருபதாண்டுகளுக்குப் பின் அது விடப்பட்ட இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் காணப்பட்டது.

குருசடைக்கு வந்த துண்டுகள் பாக் நீரிணை மிதவைகளிலிருந்து பாம்பன் கால்வாய் வழியாக மிதந்து வந்தனவா, முந்தைய சோதனை வளர்ப்பிலிருந்து எஞ்சியவையா என்பதைப் பரப்பளவுக் கணக்கு மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதும் 2010, 2016 வெப்ப வெளிறலும் இப்பாறைகளை இதைவிட அதிகம் அழித்தன என்ற வாதம் உண்மையானாலும் இங்கு பொருந்தாது. நலிந்த பாறைக்குப் புதுச் சுமை இலேசானது என்று எவரும் நிறுவவில்லை. மிதவையை நம்பியிருக்கும் மகளிர் குழுக்களின் வாழ்வாதாரமோ, சாகுபடியை எங்கு வைப்பது என்பதை முடிவுசெய்யலாமேயன்றி, அளவீட்டு முறையை முடிவுசெய்ய இயலாது.

இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் கடற்பாசிப் பூங்கா திட்டமிடப்பட்டுள்ள நிலையில், ஆய்வின் வரிசை மாற வேண்டும்: மிதவை இறங்குமுன் தீவுகளில் நிலையான சதுரங்களைக் குறித்து அடிப்படை அளவீடு எடுப்பதும், வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் பாக் நீரிணையிலிருந்து தெற்கே பாயும் மாதங்களில் பாம்பன் வாயிலில் மிதக்கும் துண்டுகளைச் சேகரிப்பதும் முதலில் வர வேண்டியவை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்னும் இயற்கைக் கடற்பாசிகளை எடுப்பதை மாதத்துக்குப் பன்னிரண்டு நாளாகத் தாங்களே வரையறுத்துக்கொண்ட, பாம்பனை அடுத்த சின்னப்பாலம் பெண்கள், புதிய பாசி எந்தப் பாறையில் தோன்றினாலும் எந்த ஆய்வுக் கலத்துக்கும் முன்னதாகக் காணக்கூடியவர்கள். ஆயினும் இதுவரையிலான விவாதத்தில் அவர்கள் பாதிப்பின் காரணமாகவோ பயனாளிகளாகவோ மட்டுமே இடம்பெற்றனர், நோக்கர்களாக அல்ல.