மாரிக்கு முன் தயாராகுங்கள்: குறைந்த செலவில் ஒரு வீட்டின் அனர்த்த ஆயத்தம்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டின் 25 மாவட்டங்களையும் பாதித்து, 600க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் அப்போது பரவலாக எழுந்தது.

அனர்த்த ஆயத்தம் பற்றிய பட்டியல்கள் பல ஜெனரேட்டரில் தொடங்கி டின் உணவில் முடிகின்றன. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அவை உதவாது. ஆனால், முதலில் செய்ய வேண்டிய காரியங்களுக்குப் பெரிய செலவில்லை.

ஆவணப் பை

யுத்தகால இடப்பெயர்வுகளை அனுபவித்த வடக்கு, கிழக்குக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. அடையாள அட்டை, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், அஸ்வெசும பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, கையெட்டும் உயரத்தில் வையுங்கள். நிவாரணத்துக்கும் இழப்பீட்டுக்கும் இவைதான் முதலில் கேட்கப்படும். ஒவ்வொன்றையும் படமெடுத்து வேறு மாவட்டத்தில் உள்ள உறவினர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் சில்லறைத் தாள்களும் பையில் இருக்கட்டும்; மின்சாரம் போனால் ஏடிஎம் இயங்காது.

மழையை நீங்களே அளக்கலாம்

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை மஞ்சளுக்கும், 100 செம்மஞ்சளுக்கும், 150 சிவப்புக்கும் உரிய அளவுகள். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் சிவப்புத்தான்.

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள வெற்று டின் ஒன்றைக் கூரைக்கும் மரத்துக்கும் விலகிய வெளியில் வையுங்கள். தினமும் காலையில் அளந்து கொட்டிவிடுங்கள். கனமழையின்போது மணிக்கொரு தடவை பாருங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தில் 7.5 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 75 மில்லிமீற்றர். மின்சாரமும் சிக்னலும் இல்லாத இரவில் இந்த டின் உதவும்.

சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனத் தோன்றும் அல்லது கலங்கும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவை மலை நகர்வதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். டின்னில் தண்ணீர் குறைவாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

தண்ணீர், மருந்து, உணவு

குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 2 லீற்றர் தேவை. ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 30 லீற்றர். கழுவிய வெற்றுப் பானப் போத்தல்களில் கொதித்தாறிய நீரை நிரப்பி, மாதமொருமுறை மாற்றினால் போதும். மண்ணெண்ணெய் அல்லது மருந்தெண்ணெய் இருந்த கேன்களைத் தொடவே வேண்டாம். வெள்ளம் புகுந்த கிணற்று நீரை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் குளோரின் இட்ட பின்னரே பயன்படுத்துங்கள்.

சீனி, பிரஷர் மருந்துகள் ஒரு வாரத்துக்கு மேலதிகமாக இருக்கும்படி கிளினிக்கில் கேட்டுப் பெறுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பைக்கற் இல்லாவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். வெள்ள நீரில் நடந்தபின் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உணவுக்குத் தனியாகக் காசு ஒதுக்க முடியாதவர்கள், வாராந்தச் சாமான் வாங்கும்போது ஒரு பைக்கற் பிஸ்கட், கொஞ்சம் அவல், பேரீச்சம்பழம் என ஒன்றை மட்டும் கூடுதலாக எடுத்து வைக்கலாம். இரண்டு மாதத்தில் ஒரு சிறு கையிருப்பு சேரும்.

எங்கே போவது?

பாதுகாப்பான இடம் எது, எந்தப் பாதையால் போவது, முதியவரை யார் தூக்குவது, பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பவற்றை வெயில் நாளொன்றிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தையும் 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்), 1990 (சுவசெரிய அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்) என்பவற்றையும் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்னர் மெயின் சுவிட்சையும் காஸையும் நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் மண்ணுக்குள் புதைந்த கொஸ்லாந்தை மீரியபெத்தையில், ஆபத்து குறித்து 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள். ஆவணப் பையும் டின்னும் ஓர் இரவில் உயிரைக் காக்கலாம். பாதுகாப்பான காணியைத் தருவது அரசின் கடமை. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.