பேய்ப்படத்துக்கென்றே ஒரு சேனல்

பேய்ப்படம் என்றாலே ராத்திரி பார்ப்பதுதான். ஆனால் சேனல் என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் பகலிலும் எதையாவது ஓட்டியாக வேண்டுமே! பிரிட்டனின் 'ஹாரர் சேனல்' கதையில் பாதி இந்தத் தலைவலிதான்.

அது தொடங்கியது 2004 மே மாதத்தில். அதற்குச் சரியாக இருபது வருடம் முன்பு, 1984-ல், இதே பிரிட்டனில் ரத்தக்களறிப் பட வீடியோக்களால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டதில் தனிச் சட்டமே வந்தது. போலீஸ் கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. இன்று எல்லோரும் கொண்டாடுகிற 'ஈவில் டெட்' கூட அந்தப் பட்டியலில் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் பேய்ப்படத்துக்கே ஒரு சேனல் என்பது சாதாரண விஷயமா?

2006-ல் 'ஸோன் ஹாரர்', 2010-ல் மறுபடி 'ஹாரர் சேனல்' என்று பெயர் மாறியதை விடுங்கள். 2015-ல் சந்தா இல்லாமல் ஆன்டெனாவிலேயே தெரியும் ஃப்ரீவியூவுக்கு வந்ததுதான் பெரிய தாவல். வீடுகள் கூடின, விளம்பரத்துக்கும் வழி பிறந்தது. ஆனால் பிள்ளைகள் பார்க்கக்கூடாத காட்சிகளை இரவு 9 மணிக்கு முன்னால் காட்டக்கூடாது என்பது அந்நாட்டு விதி. பகலை நிரப்பியது 'டாக்டர் ஹூ', 'ஸ்டார் டிரெக்' போன்ற பழைய தொடர்கள். பேய் சேனலில் பகலெல்லாம் விண்வெளிக் கப்பல்!

கடைசியில் 2022 ஜூனில் பெயர்ப் பலகையையே கழற்றி 'லெஜண்ட்' என்று மாட்டினார்கள். வியாபாரக் கணக்கில் சரிதான். பெயரில் மட்டும் சுவாரசியம் போச்சு. பேய்ப்படங்கள் அதன் பிறகும் ராத்திரியில் வந்துகொண்டுதான் இருந்தன.