நாலறிவுத் தேனீயும் ஐந்தறிவு நாமும்

போன வருசம் பங்குனிக் கடைசியில் எங்கள் அபார்ட்மெண்டின் ஐந்தாவது மாடி சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டியது. திருப்பூரில் வேம்பு பூக்கிற நேரம். ஒற்றை அடை, முறம் அகலத்துக்குத் தொங்கியது. கீழ் வீட்டுப் பையன் ஒருவனைக் கொட்டிவிட்டதால் சங்கக் கூட்டம் போட்டார்கள். கலைத்துவிடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ராத்திரி ஆள் வந்து பந்தம் கட்டிக் கொளுத்தினார். காலையில் வாட்ச்மேன் அண்ணன் சீமாற்றில் கூட்டி அள்ளியபோது இரண்டு பக்கெட் நிறைந்தது. சிலது இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது.

அதோடு மறந்திருப்பேன். ஆனால் அடுத்த மாதம் நன்னூல் படிக்க வேண்டி வந்தது.

பகலில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ராத்திரியில் பொழுதுபோக்காக ஒரு சந்திப்பிழை திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். புணர்ச்சி விதிக்காகத்தான் நன்னூலைத் திறந்தேன். புரட்டிக்கொண்டே போனதில் சொல்லதிகாரத்தின் கடைசி இயலான உரியியலுக்கு வந்துவிட்டேன். 444ஆம் நூற்பா தொடங்கி ஐந்தாறு நூற்பாக்கள். அதில் எறும்பு இருந்தது, கறையான் இருந்தது, வண்டு இருந்தது.

இலக்கணப் புத்தகத்தில் எறும்புக்கு என்ன வேலை? உரிச்சொல் பொருளின் குணத்தைச் சொல்வது. அதனால் குணமுள்ள பொருள்கள் எவை என்று பவணந்தி முனிவர் முதலில் பிரிக்கிறார். உயிருள்ளது, உயிரற்றது. பிறகு உயிருள்ளதைப் புலன் கணக்கில் அடுக்குகிறார். புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவு. சிப்பி, நத்தை போன்றவற்றுக்கு நாக்கும் சேர்ந்து ஈரறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மூக்கும் சேர்ந்து மூவறிவு. தும்பிக்கும் வண்டுக்கும் கண்ணும் சேர்ந்து நாலறிவு. புரோகிராமர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு கிளாஸும் முந்தியதை அப்படியே வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பண்பைக் கூட்டிக்கொள்கிறது.

இந்த வரிசை தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. வித்தியாசம் மேல்படியில்தான். தொல்காப்பியர் மனிதனுக்கு மனம் என்ற ஆறாவது அறிவைக் கொடுத்துத் தனியாக உட்காரவைக்கிறார். நாம் பேச்சில் சொல்லும் ஆறறிவு அதுதான். பவணந்தியிடம் ஆறாம் படியே கிடையாது. தேவர், மனிதர், நரகர், விலங்கு, பறவை எல்லோரும் ஒரே ஐந்தறிவு வகுப்பு.

பவணந்தி சமணர். சமணர்களின் அடிப்படை நூலான உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலனாகக் கூட்டிக்கொண்டே போகிறது. ஐந்து புலன் உள்ளவற்றில் மனம் உள்ளவை, இல்லாதவை என்று பிரிக்கும்போதுகூட மனத்தை மனிதனுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆக, வண்டுக்கும் நமக்கும் நடுவே ஒரே ஒரு படி.

இது ஏதோ தூரத்துச் சங்கதி இல்லைங்க. பவணந்தி ஊராகப் பாயிரம் சொல்லும் சனகை, பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் என்று கொங்கு ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இன்றைக்கு மாட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். அவரை ஆதரித்த சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன். அப்படியென்றால் சுமார் 800 வருசம். பக்கத்திலேயே விஜயமங்கலம் சந்திரப்பிரபர் கோயில். திருப்பூரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மயிற்பீலியால் பூச்சியை ஒதுக்கிவிட்டு உட்காரும் முனிவர்கள், தேன் எடுத்தால் தேனீ சாகும் என்று தேனையே விலக்கிய இல்லறத்தார், எல்லாம் இந்த மண்ணில் இருந்தவர்கள்தான்.

அந்த இல்லறத்தாருக்கு இந்த வரிசை வெறும் விலங்கியல் இல்லை, நடைமுறைக் கணக்கு. முனிவர் எந்த உயிருக்கும் தீங்கு செய்யக்கூடாது. குடும்பஸ்தனால் அது முடியாது, அரிசி பொங்கவேண்டும், காடு உழவேண்டும். அதனால் அவனுக்கு ஒரு கோடு போட்டார்கள். ஈரறிவு தொடங்கி, நகர்கிற எந்த உயிரையும் வேண்டுமென்று கொல்லாதே. ஓரறிவைத் தேவைக்கு மேல் அழிக்காதே. இம்சையையும் நாலாகப் பிரித்தார்கள். வேண்டுமென்று செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை முழுசாக விடவேண்டும், மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும்.

இதைப் படித்ததும் அந்த இரண்டு பக்கெட் ஞாபகம் வந்தது. நாங்கள் செய்தது எந்தக் கணக்கில் வரும்? கூட்டத்தில் தற்காப்பு என்றுதான் பேசினோம். ஆனால் வேறு வழி உண்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மலைத்தேனீ இடம்பெயரும் இனம், பூ முடிந்தால் அதுவே கிளம்பிவிடும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.

இந்த வருசம் வேம்பு பூத்ததும் அதே சன்ஷேடில் மறுபடியும் கூடு. "ஏனுங்க சார், எரிச்ச எடத்துக்கே வந்திருக்குது பாருங்க" என்றார் வாட்ச்மேன் அண்ணன். மலைத்தேனீக் கூட்டங்கள் பல மாதம் வெளியே போய்விட்டுப் பழைய இடத்துக்கே திரும்புவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மறுபடி கூட்டம். இந்தத் தடவை நான் பேசினேன். நன்னூலைச் சொல்லவில்லை, சொன்னால் சிரித்திருப்பார்கள். சாயங்காலம் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிடலாம், வெளிச்சத்துக்குத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஜன்னலுக்கு வலை. கீழே விளையாடும் இடத்தில் கயிறு. புகை, பட்டாசு கூடாது. பூ முடியும்வரை பொறுப்போம் என்றேன். "நாளைக்கு ஒரு கொழந்தைக்கு ஏதாச்சும் ஆனா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகும். என்னிடம் பதில் இல்லை. இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் பொறுப்பது என்று முடிவானது.

அந்த ஆறேழு வாரமும் சரியாகத் தூங்கவில்லை. தினமும் காலையில் முதல் வேலையாகக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு பேரைக் கொட்டியது, அதில் ஒருவன் நான். வைகாசியில் ஒரு நாள் காலை பார்த்தால் அடை மட்டும் தொங்கியது, தேனீ ஒன்றுகூட இல்லை. அந்த அக்கா பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்து, "போயிருச்சுங்களா?" என்றார். "போயிருச்சுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன்.

சந்திப்பிழை திருத்தி இன்னும் முடியவில்லை. அடுத்த பங்குனிக்கு முன்னால் சீனாபுரம் ஒரு தடவை போய்வர வேண்டும்.