பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்குள்ள ஒரு குவாண்டம் கதை

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன். முன்னாடி ஒரு எபிசோடில் குவாண்டம் டனலிங் பத்திப் பேசினப்போ, "துகள் கொஞ்ச நேரத்துக்கு ஆற்றலைக் கடன் வாங்கி, சுவரைத் தாண்டிட்டு, கடனைத் திருப்பிக் கட்டிடும்"னு சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட ஒருத்தர் ஒரே வரியில் மெயில் போட்டிருந்தார்: "கடன் கொடுத்தது யாருங்க?"

என்கிட்ட பதில் இல்லை. இன்ஜினியரிங் முதல் வருஷத்துல இந்தச் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினவன் நான். புரிஞ்சு எழுதலை. அதனால இந்த முறை சமன்பாட்டை ஓரமா வெச்சுட்டு, வரலாறு வழியா போகலாம். அந்த வரலாறு எங்க வீட்டுப் பரண்ல இருந்தே ஆரம்பிக்குது.

2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கா? எங்க ஊர் கருமத்தம்பட்டி. சோமனூர் பக்கம் முழுக்க விசைத்தறிதான். கரன்ட் போனா தறிச்சத்தம் நின்னு, ஊரே திடீர்னு காது அடைச்ச மாதிரி ஆயிடும். அப்போ எங்க அப்புச்சி பழைய பெட்ரோமாக்ஸ் லைட்டை இறக்கிப் பம்ப் அடிப்பார். நான் கிட்டப் போனா, "தொட்றாத கண்ணு, மேண்டில் உதிர்ந்துரும்"னு அதட்டுவார். 1984-ல வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்துல செந்தில் தொட்டு உடைப்பாரே, அதே மேண்டில்தான்.

அது வெறும் துணி இல்லை. துணியைத் தோரியம் உப்புக்கரைசல்ல ஊறவெச்சுக் காயவைப்பாங்க. முதல் தடவை பத்தவைக்கும்போது துணி எரிஞ்சு போயிடும். மிச்சம் நிக்கிறது தோரியம் ஆக்ஸைடு கூடு. ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891-ல கண்டுபிடிச்ச கலவையில் 99 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்ஸைடு. சூடானா அது வெள்ளையா ஜொலிக்கும்.

ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கெல்லாம் மேண்டில் தேவைப்பட்டுச்சு. தோரியம் மோனசைட் மணல்ல கிடைக்கும். 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதுல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். அந்த மணலைத் தேடி வந்தவர், மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். நார்ல ஒட்டின மண்ணுன்னு நாம உதறிவிட்டதுலதான் ஐரோப்பாவோட வெளிச்சம் இருந்திருக்கு. 1950-ல தொடங்கின இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் இப்பவும் அங்க வேலை செய்யுது.

இப்போ அந்த மணல் துகள் ஒண்ணுக்குள்ள போகலாம்.

தோரியம் கதிரியக்கத் தனிமம். அதோட அணுக்கரு எப்பவாவது ஒரு ஆல்ஃபா துகளை வெளியே விடும். சாதாரண தோரியத்துல பாதி சிதையறதுக்கு 1,400 கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்தோட வயசே சுமார் 1,380 கோடி வருஷம்தான். ஆனா தோரியம் சிதையச் சிதைய, அதே சங்கிலியில் பொலோனியம்-212 உருவாகுது. அதுல பாதி சிதைய ஒரு நொடியில் 1 கோடியில் 3 பங்கு நேரம் போதும். ரெண்டும் விடறது ஒரே ஆல்ஃபா துகள்தான். தோரியத்தோடது 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட், பொலோனியத்தோடது சுமார் 88 லட்சம். ஆற்றல்ல ரெண்டு மடங்கு வித்தியாசம், ஆயுசுல இவ்வளவு வித்தியாசம்! இந்த மாதிரி உறவு இருக்குன்னு கைகரும் நட்டாலும் 1911-லயே சொன்னாங்க. ஏன்னு யாருக்கும் தெரியலை.

இன்னொரு குழப்பமும் இருந்துச்சு. 1927-ல ரூதர்ஃபோர்டு எழுதினார்: உரேனியத்து மேல வேகமான ஆல்ஃபா துகளை எறிஞ்சா, அது உள்ளே நுழைய முடியாம திரும்புது. ஆனா அதுல பாதி ஆற்றல் மட்டுமே உள்ள ஆல்ஃபா, அதே உரேனியத்துக்குள்ள இருந்து வெளியே வருது. பலசாலி உள்ளே போக முடியாத கோட்டையில் இருந்து, நோஞ்சான் எப்படி வெளியே வந்தான்?

1928 கோடையில், லெனின்கிராட்ல இருந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் வந்திருந்த 24 வயசு ஜார்ஜ் காமோவ் இந்தக் கட்டுரையைப் படிச்சார். அவரோட பதில்: ஆல்ஃபாவைக் கோலிக்குண்டா நினைக்காதீங்க, அலையா பாருங்க. கிட்டத்தட்ட அதே நேரத்துல அமெரிக்காவில் கர்னியும் காண்டனும் தனியா இதையே சொன்னாங்க.

இங்கதான் என் தப்பும் திருந்துது. கோலிக்குண்டு சுவர்ல பட்டா நிக்கும். அலை சுவர்ல பட்டவுடனே பூஜ்யம் ஆகாது. சுவருக்குள்ளயும் நீளும், ஆனா வேகமா தேஞ்சுக்கிட்டே போகும். முழுசா தேயறதுக்குள்ள சுவர் முடிஞ்சா, மறுபக்கம் ஒரு துளி வால் மிஞ்சும். அந்த வால்தான், துகள் வெளியே இருக்கிறதுக்கான வாய்ப்பு. ஓட்டை போடலை, ஏறலை, கடனும் வாங்கலை. உள்ளே இருந்த அதே ஆற்றலோடதான் வெளியே வருது.

சரி, ஆயுசு வித்தியாசம்? அணுக்கருவைச் சுத்தி இருக்கிற சுவர் மலை மாதிரி: அடியில் அகலம், உச்சியில் குறுகல். உயரம் 2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும். மருதமலையை நினைச்சுக்கோங்க. அடிவாரத்துல இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே பாறை அதிகம், மேல போகப் போகக் கம்மி. 40 லட்சத்துல நிக்கிற ஆல்ஃபாவுக்குக் கடக்க வேண்டிய அகலம் ரொம்ப அதிகம். 88 லட்சத்துல நிக்கிறதுக்குக் கம்மி. அலை ஒவ்வொரு அடிக்கும் கூட்டல் கணக்குல குறையாம, பெருக்கல் கணக்குல தேயறதால, அகலம் கொஞ்சம் கூடினாலும் வால் பல கோடி மடங்கு சின்னதாயிடும்.

தோராயமா கணக்குப் போடுவோம். ஆல்ஃபா நொடிக்கு 1-க்குப் பின்னால 21 சைபர் போட்ட தடவை சுவரை மோதுதுன்னு வெச்சுக்கோங்க. பொலோனியத்துல 14 சைபர் தடவை மோதினா ஒரு தடவை வெளியே. தோரியத்துல 38 சைபர் தடவை மோதினா ஒரு தடவை.

"அப்போ நடக்கவே நடக்காதே"ன்னு தோணும். ஆனா ஒரு கிராம் தோரியத்துல இருக்கிற அணுக்கள் அவ்வளவு. அதுல நொடிக்கு சுமார் 4,000 ஆல்ஃபாக்கள் சுவரைக் கடந்து வருது. என் பழைய எபிசோட்ல டனலிங்கை ஏதோ எப்பவாவது நடக்கிற அதிசயம் மாதிரி பேசினேன். அதுவும் தப்பு.

ஆல்ஃபாவை ஒரு தாளே தடுத்துரும். ஆனா மேண்டில் சாம்பலை மூச்சுல இழுக்கக் கூடாது. அப்புச்சி தொடாதேன்னு சொன்னது மேண்டில் விலைக்காகத்தான், ஆனாலும் சரியான அறிவுரை. இப்போ பல மேண்டில்கள் தோரியம் இல்லாமலே வருது.

அப்புச்சி இப்போ இல்லை. அந்த லைட் இன்னும் பரண்ல இருக்கு, உதிர்ந்த மேண்டிலோட. மின்வெட்டு நாட்கள்ல இருந்த தோரியம் கிட்டத்தட்ட முழுசா அப்படியே அங்க இருக்கு. நீங்க இதைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, அந்த இருட்டுல லட்சக்கணக்கான தடவை டனலிங் நடந்திருக்கும்.

மெயில் போட்ட நண்பரே, கடன் யாரும் கொடுக்கலைங்க. கேள்விக்கு நன்றி. அடுத்த எபிசோடில், உங்க போன் மெமரிக்குள்ள எலக்ட்ரான்கள் இதே வேலையை எப்படிப் பண்ணுதுன்னு பார்க்கலாம்.