பழைய செங்கல் சுவர்களைச் சிதைக்கும் சிமென்ட் பூச்சு: பாதுகாப்பில் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: பழைமையான செங்கல் கட்டடங்களுக்கு மழையால் ஏற்படும் பாதிப்பைவிட, பொருந்தாத பழுதுபார்ப்பால் நேரும் சேதம் சில வேளைகளில் அதிகம். சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்ட சுவரில் சிமென்ட் பூசுவதே இதில் முதன்மையான தவறு.

திருவனந்தபுரத்தின் அடையாளங்களுள் ஒன்றான நேப்பியர் அருங்காட்சியகம் 1880-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. கேரள மரபுக் கூரையமைப்பும் இயற்கையான காற்றோட்டமும் இதன் சிறப்புகள்.

சிமென்ட் பரவலாவதற்கு முன்னர், நீற்றிய சுண்ணாம்புடன் மணல் அல்லது செங்கல் தூள் கலந்த காரையே கட்டுமானத்தில் பயன்பட்டது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது தமிழகக் கொத்தனார்களின் வழக்கம்.

சேதம் எவ்வாறு நேர்கிறது?

சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் கொண்டது. சுவரில் புகும் ஈரம் அதன் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது. ஈரத்தை உள்ளேயே தடுத்து நிறுத்துகிறது. நீரில் கரைந்துள்ள உப்புகள் செங்கல்லுக்குள் படிகமாகி விரிவடைவதால் கல்லின் மேற்பரப்பு பொரிந்து உதிர்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் இந்த ஆபத்து கூடுதல்.

சென்னை தரும் பாடம்

சிஷோம் விரிவாக்கிய சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. அதனை இடித்துவிடாமல், மரபுச் சுண்ணாம்புக் கலவையைக் கொண்டு தமிழகப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. கடுமையாகச் சிதைந்த கட்டடத்தையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

செய்ய வேண்டியவை

* கூரைக் கசிவு, வடிகால் அடைப்பு ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். ஈரத்தின் மூலத்தை நிறுத்தாமல் சுவரைப் பூசுவதில் பயனில்லை.
* பழைய காரையின் கலவையை ஆய்வு செய்து, அதற்கு இணையானதையே பயன்படுத்த வேண்டும்.
* சுவரில் முளைக்கும் ஆல், அரசு போன்றவற்றை வேருடன் அகற்ற வேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.
* நீர்புகா வண்ணப்பூச்சுகளைத் தவிர்க்க வேண்டும்.

செங்கல்லின் பயன் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. திருவனந்தபுரம் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தை லாரி பேக்கர் பூசப்படாத செங்கற்களால் வடிவமைத்தார். செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் அவரது ‘எலிப்பொறி’ முறையில் ஏறத்தாழ 25 சதவீதச் செங்கற்கள் மிச்சமாகும், வெப்பமும் குறையும்.