மயிற்கொன்றைக்கு யார் பெயர்?



பள்ளி வளாகங்களிலும் சாலையோரங்களிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் மயிற்கொன்றையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் செடிக்குள் அடிமைப் பெண்களின் வரலாறு ஒன்று இருக்கிறது.

1699இல் மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர், பூச்சிகளை ஆராய்வதற்காகத் தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குப் போனார். அப்போது அது டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டக் காலனி. 1705இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட நூலில் மயிற்கொன்றையின் படமும் ஒரு குறிப்பும் உள்ளன. டச்சு எசமானர்களிடம் வதைபட்ட பூர்வகுடிப் பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று இதன் விதையால் கருவைக் கலைத்தார்கள் என்கிறது அக்குறிப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் பிள்ளை பெற மறுத்ததை அது பேசுகிறது. இதை அவர்கள் வாயாலேயே கேட்டதாக மெரியன் எழுதுகிறார்.

அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை எசமானின் சொத்து. அந்தச் சட்டத்தின் கீழ், பெற மறுப்பது ஒரு போராட்டம். அதற்குத் தன் உயிரையே பணயம் வைத்தாள் அவள்.

ஐரோப்பா அந்தப் பூவைத் தன் தோட்டங்களுக்குக் கொண்டுபோனது. பெண்களின் அறிவை மருத்துவ நூல்களில் ஏற்றவில்லை. வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 2004இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டினார். செடிக்குச் சூட்டிய ‘பாயின்சியானா’ என்ற பெயரும் பிரெஞ்சுத் தீவுகளை ஆண்ட ஆளுநர் புவான்சியின் பெயர். விதையின் குணத்தை அறிந்திருந்த ஒரு பெண்ணின் பெயர்கூட ஏட்டில் இல்லை.

இன்று கர்ப்பிணிகளிடம், “மூலிகைதானே, ஒன்றும் செய்யாது” என்று சொல்லி விற்கிறார்கள். செடி கருவைத் தொடும் என்பது 300 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெண்களுக்குத் தெரியும். சமையலில் சேர்க்கும் அளவு வேறு. காய்ச்சி இறக்கிச் செறிவாக்கிய சாறு வேறு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்டது. 1961இல் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தார்கள். அதன் பிறகே மருந்துகள் கருவை என்ன செய்யும் என்று சோதிப்பது கடுமையானது. அதே கேள்வியை மூலிகைச் சாற்றிடமும் கேட்க வேண்டும்.

நம் ஊர்களில் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சிகளை ‘தீட்டு’ என்று ஒதுக்கி, அவர்கள் அறிவையும் ஒதுக்கினோம். அதைப் பதிவு செய்வோம், புனிதமாக்காமல் சோதிப்போம். முடிவை முதலில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு, அவளுக்குப் புரியும் மொழியில் சொல்வோம். குடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.