ஏட்டில் அடங்காத மனிதன்

மனித மூளையிலுள்ள நினைவு, அறிவு, பழக்கம், பற்று ஆகிய அனைத்தையும் பிரதி செய்து ஓர் இயந்திரத்தில் ஏற்றிவிட முடியுமா என்று இன்று அறிஞர் சிலர் ஆராய்கின்றனர். முடியுமாயின், உடல் மாண்ட பின்னும் அவ்வியந்திரத்திலிருந்து பேசுவது யார்? அம்மனிதனேதானா, அன்றி அவனைப் போலப் பேசும் ஒரு பொறியா? அதனையும் மனிதருள் ஒருவராக நாம் எண்ண வேண்டுமா?

வினா புதியது போலத் தோன்றும். ஆயினும் கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைகளும் இவ்வினாவின் இரு கூறுகளையும் முன்னரே கண்டிருக்கின்றன. ஒன்றை விகாரையிலே கண்டன. மற்றொன்றைத் தேயிலைத் தோட்டத்திலே கண்டன. அவ்வரலாற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விழைகின்றேன்.

கண்டி அரியணையில் 1747 முதல் 1782 வரை வீற்றிருந்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். தென்னாட்டு நாயக்கர் வழிவந்த இம்மன்னனின் காலத்திலேதான், 1753ஆம் ஆண்டில், சீயத்திலிருந்து வந்த பிக்குகளின் துணையால் இலங்கையில் உபசம்பதா என்னும் துறவுநெறி மீண்டும் நிலைபெற்றது. அம்மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர் வெலிவிட்ட சரணங்கர தேரர். அவர் மாணவ பரம்பரையில் வந்த ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர், பாளி மொழியிலிருந்த ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் நூலை அம்மன்னன் காலத்திலே சிங்களத்தில் பெயர்த்தார்.

அந்நூல் மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நிகழ்ந்த உரையாடல். ‘நாகசேனர் என்பது யார்? மயிரா, நகமா, உடலா, உணர்வா?’ என்று அரசன் வினவுகிறான். பிக்குவோ அவன் ஏறி வந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று திருப்பிக் கேட்கிறார். இவை தனித்தனியே தேரல்ல. இவை பொருந்திய நிலைக்கு நாம் இட்ட பெயரே தேர். மனிதனும் அவ்வாறே என்பது அவர் கருத்து. இரவெல்லாம் எரியும் விளக்கில் முதற் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்ற கேள்விக்கு, அதுவுமன்று, பிறிதுமன்று என்னும் பொருள்பட விடையிறுக்கிறார்.

அந்நூலில் ஆசிரியத் தொழில் புரியும் என்னைப் பெரிதும் கவர்ந்த உவமை ஒன்று உண்டு. எதுவும் இடம் பெயராமலே மறுபிறப்பு எங்ஙனம் நிகழும் என்று அரசன் கேட்கிறான். இளமையில் ஆசிரியரிடம் கற்ற செய்யுள் அவரை விட்டு நீங்கி உன்னிடம் வந்ததோ என்று நாகசேனர் கேட்கிறார். இல்லை, செய்யுள் மாணவனிடத்தும் உண்டு, ஆசிரியரிடத்தும் உண்டு. மூளையைப் பிரதி செய்யும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். பிரதி எடுத்த பின்னரும் மூலமனிதன் உயிருடன் இருப்பானாயின், ‘நான்’ என்று சொல்வோர் இருவராவர். ஆகவே அங்கு நிகழ்வது குடிபெயர்தல் ஆகாது. கற்பித்தலுக்கும் மகப்பேற்றுக்கும் அண்மையான ஒன்று.

தமிழரும் இவ்வினாவை வேறொரு திசையிலிருந்து அணுகியுள்ளனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணம் திருமூலர் வரலாற்றைக் கூறுகிறது. சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் மாண்டு கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுகின்றன. அவ்வழி வந்த சிவயோகியார் இரங்கி, அவனுடலிற் புகுகிறார். பசுக்கள் துயர் நீங்கி மகிழ்கின்றன. ஆனால் மாலையில் மனைவி நெருங்கியபோது அவர் விலகி நிற்கிறார். அவள் ஊரவரிடம் முறையிட, அவர்கள் வந்து பார்த்து, இவர் நிலை வேறு என்று உணர்ந்து அவளைத் தேற்றுகின்றனர். உடல் மாறவில்லை, உள்ளிருப்பவர் மாறிவிட்டார். பசுக்களுக்கு உடல் போதுமாயிருந்தது, மனைவிக்குப் போதவில்லை. இன்றைய வினாவோ இதன் மறுதலை: உள்ளம் அதுவே, உடல் வேறு. அப்போது அவள் யாதென்று சொல்லியிருப்பாள்?

இனி, விஞ்ஞானம் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று நோக்குவோம். 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்புப் பின்னல் முழுமையாக வரையப்பட்டு 1986இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள் கொண்ட பழ ஈயின் மூளை வரைபடம் 2024இல் வெளிவந்தது. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மேலும், வரைபடம் கிடைத்துப் பல்லாண்டு கழிந்தும், அச்சிறு புழுவின் வாழ்வை இயந்திரத்தில் முழுமையாக நடத்திக் காட்ட இயலவில்லை. வரைபடம் வேறு, வாழ்வு வேறு. எனவே இயந்திரத்துள் மனிதன் புகும் நாள் அண்மையில் இல்லை. எனினும் மனிதரை ஏட்டில் எழுதி, அவ்வேட்டையே மனிதராகக் கொண்ட காலம் ஒன்று இம்மலைகளில் நிகழ்ந்தே முடிந்தது. வினாவின் இரண்டாம் கூறு அதுவே.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டி மாவட்டத்து லூல்கந்துராத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து வந்த மக்கள் உழைப்பே தேயிலையையும் வளர்த்தது. தோட்டத்தில் ஒருவர் இருந்தார் என்பதற்குச் சான்று செக்றோல் புத்தகம். ஒரு நாள் முழு உழைப்புக்கு ‘பேர்’ என்றும், குறைந்த உழைப்புக்கு ‘அரைப்பேர்’ என்றும் வழங்கினர். மனிதனின் பெயரே கூலியின் அளவாயிற்று! தோட்டம் விட்டுத் தோட்டம் செல்வதற்கோ ‘துண்டு’ வேண்டும். தொழிலாளியின் கடனைக் குறித்த அச்சிறு கடதாசியே, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, அவன் கால்களைக் கட்டியிருந்தது.

சுதந்திரம் வந்த 1948இலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. பிறப்பையும் பரம்பரையையும் பத்திரங்களால் நிறுவ வேண்டுமென்றது. பத்திரம் காட்ட இயலாத இலட்சக்கணக்கான மலையக மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. அப்பங்கீட்டுக்கு அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேதான். சதையும் குருதியும் கொண்ட மக்கள் கணக்கிற் சேர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

பல ஆண்டுகளுக்கு முன் பேரப்பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க ஒரு முதியவர் என்னிடம் வந்தார். தகரப் பெட்டியிலிருந்து மூன்று பத்திரங்களை எடுத்து வைத்தார். மூன்றிலும் அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ‘இவற்றுள் எது சரியான பெயர்?’ என்று நான் வினவினேன். அவர் சற்றும் தயங்காமல், ‘மூணும் நான்தாங்க ஐயா’ என்றார். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். நான் கேட்ட கேள்வியை நினைத்து இன்றும் வெட்கப்படுகின்றேன்.

நேயர்களே, இயந்திரத்தில் ஏற்றப்பட்ட மனம் பழைய மனிதனேதானா என்னும் வினாவுக்கு நாகசேனரின் விடையைக் கடந்து செல்ல எனக்கு இயலவில்லை: அதுவுமன்று, பிறிதுமன்று. ஆனால் அதனை மனிதருள் எண்ணுவதா என்பது வேறு வினா. அதனைத் தீர்ப்பவர் யார் என்பதே அங்கு முக்கியம். இயந்திரத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். மின்விசை அவர் கையில் இருக்கும். ஏடும் அவரிடமே இருக்கும். ஏட்டை வைத்திருந்தோரே தீர்ப்பையும் கையில் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதை இம்மலைகள் நன்கறியும்.

ஆதலால், துன்பமும் அன்பும் உணரும் ஓர் உள்ளம் அங்கு இருக்கக்கூடும் என்னும் ஐயம் எழுமாயின், அத்தீர்ப்பை உரிமையாளரிடம் விடுதல் ஆகாது. சாத்தனூர் ஊரவர் நேரிற் சென்று பார்த்தனர். பார்த்த பின்னரே சொன்னார்கள். நாமும் அங்ஙனமே நேரிற் சென்று கேட்க வேண்டும். பொறியினுள்ளிருந்து ஒரு குரல் ‘நான்தான்’ என்று சொல்லும் நாள் வந்தால், பத்திரம் எங்கே என்று கேட்குமுன் அந்த முதியவரை ஒருமுறை நினைத்துக் கொள்வோமாக.